கூப்பிட்டால் வர ஓர் ஆள்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கும் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த ஊர். பார்சுவநாதர் கோயில், பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய மலைநாதர் கோயில், ஜினகாஞ்சி மடம் ஆகிய மூன்றும்தான் ஊரின் அடையாளம். இங்கும் வீடூர், பெருமாண்டூர் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் வாழும் நயினார் எனும் சமணக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நிலத்தை நம்பியவை. பிள்ளைகள் படித்தார்கள், ஆசிரியர்களானார்கள், அலுவலகங்களுக்குப் போனார்கள். அடுத்த தலைமுறை சென்னை, பெங்களூரு என்று பெயர்ந்துவிட்டது. ஒரு சமூகத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. செஞ்சி வட்டத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் எழுபதைத் தாண்டிய இருவரோ, அவர்களில் மிஞ்சிய ஒருவரோ காத்துக்கிடக்கும் வீடுகள் கண்ணில் படும். அவர்களை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு இன்று இரண்டு விடைகள் கிடைக்கின்றன. “பெற்ற பிள்ளைதான் பார்க்க வேண்டும்” என்பது ஒன்று. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பெருகிவரும் முதியோர் பராமரிப்புக் குடியிருப்புகளில் சேர்த்துவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டாவது விடையின் நிறைகுறைகளை எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை. எடைபோடும்போது முதல் விடையையும் சேர்த்தே தராசில் வைக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி மற்ற மாநிலங்களைவிட முன்னதாகவே கதவைத் தட்டிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் நம் மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. 2021இல் அது 13.6 ஆகியிருக்கும், 2031இல் 18.2ஐத் தொடும் என்பது மத்திய அரசின் வல்லுநர் குழு கணித்தது. கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.4 என்று 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கு சொல்கிறது. அதாவது, ஒற்றைப் பிள்ளை தன் பெற்றோர் இருவரையும், கல்யாணத்துக்குப் பின் துணையின் பெற்றோர் இருவரையும் தாங்க வேண்டிய காலம் வந்துவிட்டது. வயதானவர்கள் எல்லாருக்கும் ஆள்துணை வேண்டியதில்லை. 2017–18இல் நடந்த தேசிய முதுமை ஆய்வின்படி, குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது போன்ற அன்றாட வேலைகளில் ஒன்றையாவது தனியே செய்யச் சிரமப்படுபவர்கள் முதியோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர். சமைப்பது, கடைக்குப் போவது, பணத்தைக் கையாள்வது, வேளை தவறாமல் மாத்திரை போடுவது ஆகியவற்றையும் சேர்த்தால் கிட்டத்தட்டப் பாதிப் பேர். ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கும் அளவுக்கு நோயில்லை, ஆனால் தனியாக விடவும் முடியாது என்ற நிலையில் இருக்கும் இந்தப் பாதிப் பேருக்காகத்தான் பராமரிப்புக் குடியிருப்பு என்ற ஏற்பாடே உருவானது.

நம்மிடையே பேச்சு குழம்புவதற்கு ஒரு காரணம், நான்கு வகை இடங்களை ஒரே பெயரால் அழைப்பது. ஆதரவற்றோருக்கான இலவச இல்லம் ஒரு வகை. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு சோறும் கட்டிலும் தரும் விடுதி மற்றொன்று. பணி ஓய்வு பெற்றவர்கள் சொந்தமாகவோ குத்தகைக்கோ வீடு வாங்கிக் குடியேறும் வளாகம் மூன்றாவது. பொதுச் சமையலறை, தோட்டம், பஜனைக் கூடம் எல்லாம் அங்கே உண்டு. கோயம்புத்தூரில் வடவள்ளி, பேரூர்ப் பக்கம் பெருகியவை பெரும்பாலும் இந்த வகைதான். குளிப்பாட்டவும், ஊட்டவும், இரவில் கழிவறைக்குக் கைபிடித்து அழைத்துப்போகவும் சம்பள ஆள் நிரந்தரமாக இருக்கும் இடம் நான்காவது. பராமரிப்புக் குடியிருப்பு என்று நியாயமாக அழைக்கத் தகுந்தது இந்த நான்காவதுதான். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் உள்ள தூரத்தை விளம்பரங்கள் மறைத்துவிடுகின்றன. நடமாட்டம் உள்ளவரை எல்லா வசதியும் கிடைக்கும். படுத்த படுக்கையாகிவிட்டால் சொந்தச் செலவில் தனி அட்டெண்டர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றோ, வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றோ ஒப்பந்தத்தின் நடுப்பக்கத்தில் ஒரு வரி இருக்கும். எந்த நாளுக்குப் பயந்து ஒருவர் தன் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டினாரோ, அந்த நாளில் அந்த இடம் கைவிரிக்கிறது. ஆகவே, எந்த இல்லத்தையும் அளக்க நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் எளியது: இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் வருவது யார், எத்தனை நிமிடத்தில் வருவார், அவர் வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

முதலில் நிறைகளைப் பார்ப்போம், அவை உண்மையானவை. முதியவருக்கு வீட்டில் நேரும் பெரிய ஆபத்து விழுவது. பின்கட்டில் தனியாக இருக்கும் கழிவறை, ஈரமான சிமெண்டுத் தரை, உயர்ந்த வாசற்படி, மங்கிய விளக்கு என்று நம் பழைய வீடுகள் திடகாத்திரமானவர்களுக்காகக் கட்டப்பட்டவை. இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலர் பிறகு பழையபடி நடப்பதில்லை. கைப்பிடிக் கம்பியும், வழுக்காத தரையும், கட்டிலுக்குப் பக்கத்தில் அழைப்பு மணியும் இருக்கும் அறை அந்த ஆபத்தைக் குறைக்கிறது. அடுத்தது மருந்து. ரத்தக் கொதிப்புக்கு, சர்க்கரைக்கு, இதயத்துக்கு, தூக்கத்துக்கு என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு மாத்திரை போடுபவருக்கு, எதைப் போட்டோம் எதை மறந்தோம் என்பதே பெரும் பாடு. அதை ஒரு நர்ஸ் குறித்துவைத்துக் கொடுப்பது சின்ன உதவியில்லை. இவற்றுக்கும் மேலான ஒன்றை அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கெரன் பிரவுன் வில்சன் 1983இல் தொடங்கிய ‘பார்க் பிளேஸ்’ காட்டியது. பக்கவாதத்தால் முடங்கிய தாயை நர்சிங் ஹோம்களில் பல ஆண்டுகள் பார்த்தவர் அவர். தாய் கேட்டது சொந்தமாக ஒரு சிறு அறை, ஒரு அடுப்பு, உள்ளிருந்து பூட்டிக்கொள்ளக் கூடிய ஒரு கதவு. வில்சன் அப்படியே கட்டினார். உதவியாளர்கள் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மாநில அரசு கண்காணித்து 1988இல் வெளியிட்ட கணக்கில், அங்கிருந்தோரின் உடல்நிலை கெடவில்லை, மனச்சோர்வு குறைந்திருந்தது, செலவும் நர்சிங் ஹோமைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

தானே முடிவெடுக்கும் உரிமை உடம்பையும் தாங்குமா என்று கனெக்டிகட்டில் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் 1970களில் ஆராய்ந்தார்கள். முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் பாடு என்று சொல்லி ஆளுக்கொரு செடியையும் பொறுப்பாகக் கொடுத்தார்கள். மற்றொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி கிடைத்தது, ஆனால் ஊழியர்களே தண்ணீர் ஊற்றினார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் தளத்தில் இறந்தவர் 15 விழுக்காடு, இரண்டாவதில் 30 விழுக்காடு. மொத்தமே தொண்ணூற்றொரு பேர்தான் என்பதையும், இறப்புக் கணக்கின் உறுதியைக் குறைத்து ஆய்வாளர்களே பின்னர் ஒரு திருத்தம் வெளியிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே இதை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் அது காட்டும் திசை வில்சனின் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. எல்லாவற்றையும் செய்துகொடுத்துவிடும் அன்பு, முதியவரிடம் எஞ்சியிருக்கும் கொஞ்ச வலுவையும் பிடுங்கிவிடலாம். இதே தவறு பாசமுள்ள வீடுகளிலும் தினமும் நடக்கிறது.

பார்க் பிளேஸின் வெற்றியே அதன் வினையாகவும் ஆயிற்று. பராமரிப்புக் குடியிருப்பு என்ற பெயர் விலைபோகத் தொடங்கியதும், அடுத்த பத்தாண்டில் பெருநிறுவனங்கள் எந்தக் கட்டடத்துக்கும் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டன. அமெரிக்காவில் சுமார் 1,500 இல்லங்களை எடுத்துக்கொண்ட ஒரு தேசிய ஆய்வில், தனியறையும் போதிய உதவியும் சேர்ந்து கிடைத்தவை 11 விழுக்காடுதான். குறைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. கட்டடத்தில் போட்ட முதல் ஒருமுறைச் செலவு. ஆளுக்குத் தரும் சம்பளம் மாதாமாதம் போகும் செலவு. லாபம் குறையும்போது முதலில் கை வைப்பது ஆட்களின் எண்ணிக்கையில்தான். வரவேற்பறையின் சோபா அப்படியே இருக்கும், இரவு ஷிப்டில் ஒரு ஆயா குறைந்துபோவார்.

இதை எண்ணிப் பார்க்கலாம். பத்து முதியோருக்கு ஓர் உதவியாளர் என்று மூன்று ஷிப்டிலும் வைத்தால், எட்டு மணிநேரத்தின் 480 நிமிடத்தைப் பத்தால் வகுக்க வேண்டும். ஆளுக்கு 48 நிமிடம், மூன்று ஷிப்டும் சேர்ந்து நாளுக்கு 144 நிமிடம். இரவில் மட்டும் இருபது பேருக்கு ஒருவர் என்று குறைத்தால் 120 நிமிடம். குளிப்பாட்டி உடை மாற்றவே அரை மணி ஆகும். மூன்று வேளை ஊட்டுவதற்கு ஒரு மணிக்குக் குறையாது. நான்கைந்து முறை கழிவறை, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது என்று போனால் பேச்சுக்கு ஒரு நிமிடமும் மிஞ்சாது. ஆஸ்திரேலிய அரசு 2018இல் அமைத்த முதியோர் பராமரிப்பு விசாரணை ஆணையம் தன் இடைக்கால அறிக்கைக்குப் ‘புறக்கணிப்பு’ என்றே தலைப்பிட்டது. அதன் பரிந்துரையால் அங்கே ஒவ்வொருவருக்கும் நாளுக்குச் சராசரி இத்தனை நிமிட நேரடிப் பராமரிப்பு என்று சட்டப்படி அளவு வந்தது. 2023 அக்டோபரில் 200 நிமிடம், ஓராண்டு கழித்து 215 நிமிடம். நர்சிங் தேவைப்படும் முதியோருக்கான அளவு அது என்பதால் அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் நிமிடத்தில் கேட்கும் பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஏசி இருக்கிறதா, லிப்ட் இருக்கிறதா என்று கேட்கும் பிள்ளைகள், இரவில் எத்தனை பேருக்கு ஒருவர் என்று கேட்பதில்லை.

அடுத்த குறை, ஆளை அவருடைய வாழ்க்கையிலிருந்து பெயர்த்தெடுப்பது. மேல்சித்தாமூர்ச் சமண மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்த்தால் இது எவ்வளவு நுணுக்கமான இடத்தில் இடிக்கிறது என்று விளங்கும். நோன்பு வழுவாதவர்கள் பொழுது சாய்வதற்குள் உண்டு முடிப்பார்கள், மறுநாள் சூரியன் வந்த பிறகே உண்பார்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு சேர்ப்பதில்லை. நகரத்து இல்லத்தில் இரவு உணவு ஏழரை எட்டுக்கு வரும். ‘சைவம்’ என்று பலகை மாட்டிய சமையலறையின் சாம்பாரில் வெங்காயம் மிதக்கும். அறுபது ஆண்டுகள் காத்த நோன்பை எண்பதாவது வயதில் உடைப்பதா, பட்டினியாகப் படுப்பதா என்று அவர் தேர்ந்தெடுக்க நேர்கிறது. இது மனம் மட்டும் சார்ந்ததும் இல்லை. சர்க்கரை நோயுள்ளவர் மாலை ஐந்தரைக்கே உண்டு முடித்துவிட்டு, இல்லத்தின் வழக்கப்படி எட்டு மணிக்குக் கொடுக்கும் சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால், விடியற்காலையில் சர்க்கரை அளவு இறங்கி மயங்கிவிழக் கூடும். அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஓர் உதவியாளருக்குச் சொல்லாமலே தெரிந்த செய்தி இது. எங்கிருந்தோ ஏஜென்சி மூலம் வந்து ஆறு மாதத்தில் மாறிப்போகும் ஒருவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. உணவு ஓர் எடுத்துக்காட்டுத்தான். ஊரில் அவர் இன்னாருடைய அம்மா, இந்தக் கோயிலுக்கு விளக்கு வைத்தவர், இந்த வழக்கைத் தீர்த்துவைத்தவர். வளாகத்தில் அவர் ஓர் அறை எண்.

பணத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நகரங்களில் உண்மையான பராமரிப்போடு கூடிய இல்லங்களில் மாதம் நாற்பது, ஐம்பதாயிரம் என்று கட்டணம் போவது சாதாரணம், முன்பணம் தனி. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் உயர்த்தப்பட்ட பிறகு 1,200 ரூபாய். ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியருக்கே எட்டாத இடம், குத்தகை நிலத்தில் உழைத்து ஓய்ந்தவருக்கு எட்டப்போவதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை மேற்பார்வை இல்லாமை. அதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டாம். மேல்சித்தாமூர் இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்தில், குண்டலப்புலியூரில் உரிய அனுமதிகள் இல்லாமல் இயங்கிய ஆசிரமம் ஒன்றைப் பற்றி 2023 பிப்ரவரியில் வந்த செய்திகள் மாநிலத்தையே உலுக்கின. அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று உறவினர் உயர் நீதிமன்றம் போனதிலிருந்து விவகாரம் வெளிப்பட்டது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள், சித்திரவதை, பாலியல் வன்முறை என்று குற்றச்சாட்டுகள் எழுந்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. நீதிமன்றத் தீர்ப்பு ஒருபுறம் இருக்கட்டும். அத்தனை பேர் அடைபட்டிருந்த ஓர் இடம் ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இயங்க முடிந்தது என்பதே போதுமான பாடம். பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் அளவில், வறிய முதியோருக்கு இல்லம் அமைக்கலாம் என்று அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது. அமைத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. தனியார் இல்லங்களையும், வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளையும் பதிவு செய்யவும் தர அளவு வகுக்கவும் 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. நிறைவேறாமலே அந்த மக்களவையோடு காலாவதியானது. ஓய்வுக்கால வீடுகளுக்கு மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் மாதிரி நெறிகள் வெளியிட்டது. அவை கட்டாயமல்ல, மாநிலம் ஏற்றால்தான் உயிர் பெறும். கடுமையான விதி போட்டால் தர்மத்துக்கு நடத்தும் சிறு இல்லங்கள் மூடப்பட்டுவிடும் என்று ஒரு தரப்பு அஞ்சுகிறது. கட்டடத்தின் அகல நீளத்தை விதியாக்கினால் அப்படித்தான் ஆகும். இரவு ஆள் எண்ணிக்கை, இறப்பு, காணாமற்போதல் பற்றிய பதிவேடு, வாரம் ஒருமுறை முன்னறிவிப்பின்றி வெளியார் வந்து போகும் உரிமை ஆகிய மூன்றை மட்டும் விதியாக்கினால், நேர்மையான எந்தச் சிறு இல்லமும் மூடவேண்டி வராது.

இவ்வளவு குறையும் இருக்க, வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் பலர். அந்தக் கேள்வியில் பாசம் இருக்கிறது, ஆனால் வீடு என்ற சொல்லுக்குள் உண்மையில் யார் வேலை செய்கிறார் என்பது மறைந்திருக்கிறது. மகன் பார்த்துக்கொள்கிறான் என்று ஊர் சொல்லும்போது, மலம் அள்ளுவதும் ராத்தூக்கம் இழப்பதும் பெரும்பாலும் மருமகள்தான். குடியிருப்பில் மூன்று ஷிப்டுக்கு மூவர் செய்வதை அவர் ஒருவரே, விடுப்பில்லாமல், சம்பளமில்லாமல், சில வேளை வேறு வேலைக்கும் போய்க்கொண்டே செய்கிறார். அவருடைய களைப்பு கசப்பாக மாறும்போது அதன் அடி முதியவர் மேல் விழுகிறது. விருதுநகர்ப் பக்கத்தில் ‘தலைக்கூத்தல்’ என்ற பெயரில் முதியோரைக் கொன்ற கொடுமை குடும்பத்துக்குள், உறவினர் அறியத்தான் நடந்தது. தேசிய விருது பெற்ற ‘பாரம்’ திரைப்படம் பேசியதும் அதைத்தான். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்ட பிள்ளைகளுக்காகவே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது. பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிய தானப் பத்திரத்தை ரத்து செய்ய அது வழி தருகிறது. அந்தப் பிரிவை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. குடும்பம் தன்னளவில் போதும் என்றால் இத்தனை சட்டமும் தீர்ப்பும் தேவைப்பட்டிருக்காது.

சம்பளத்துக்கு ஆள் வைத்து முதியோரைப் பார்ப்பது மேலைநாட்டுப் பழக்கம், நம் மண்ணுக்கு ஒட்டாது என்ற ஆட்சேபமும் உண்டு. சென்னையில் ஆதரவற்றோருக்கான ‘ஃப்ரெண்ட் இன் நீட் சொசைட்டி’ 1812இல் தோன்றியது. சாவித்திரி வைத்தி 1978இல் ‘விச்ராந்தி’யைத் தொடங்கினார். ஆனால் செஞ்சி வட்டாரத்துக்கு இன்னும் பழைய நினைவு உண்டு. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறை இருக்கிறது. அங்கேயே, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் பழங்கல்வெட்டும் இருக்கிறது. அது துறவியின் விரதம், இல்லறத்தாரின் முதுமையோடு ஒப்பிடத் தக்கதல்ல. இங்கே நான் கவனிப்பது அவரைச் சுற்றி நின்றிருக்கக் கூடியவர்களை. இத்தகைய நோன்பு ஏற்றவருக்கு எத்தனை பேர் துணைநிற்க வேண்டும் என்று ‘பகவதி ஆராதனை’ என்ற சமண நூல் விதிக்கிறது. நாற்பத்தெட்டுப் பேர் வரை. அவர்களில் சிலர் புரட்டிப் படுக்கவைக்க, சிலர் அறம் உரைக்க, சிலர் வாசலில் காவலிருக்க. ஆள் கிடைக்காத காலத்தில் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் இருவருக்குக் கீழே போகக் கூடாது. ஒருவரே என்றால் அவர் உறங்கும் நேரத்தில் துணை இருக்காது. நோயுற்ற, மூத்த துறவியருக்குப் பணிவிடை செய்வதைச் சமணம் தவங்களில் ஒன்றாகவே எண்ணுகிறது. ஆள் எண்ணிக்கையை விதியாக வகுப்பதும், உறவல்லாதார் பணிவிடை செய்வதும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

ஆக, குடியிருப்பின் பலம் முறைவைத்து வரும் கைகள். அதன் பலவீனம், அந்தக் கைகளை ஊரிலிருந்து வெகுதூரத்தில், எட்டாத விலைக்கு, கேட்பாரின்றி வைத்திருப்பது. பலத்தை மட்டும் பிரித்தெடுத்து ஊருக்குக் கொண்டுவர முடியுமா? ஜப்பானில் 2006 முதல் ஒரு வகை இல்லம் இருக்கிறது. பதிவு செய்தவர்கள் முப்பது பேருக்கும் குறைவு. அவர்கள் பகலில் வந்து போகலாம், முடியாதபோது அங்கிருந்து ஆள் வீட்டுக்கு வரும், மகன் வெளியூர் போனால் சில இரவுகள் அங்கேயே தங்கலாம். மூன்றுக்கும் அதே ஊழியர்கள், அதே முகங்கள். 2000இல் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு அங்கே செலவைத் தாங்குகிறது. நாற்பது வயதிலிருந்து எல்லாரும் அதற்குச் சந்தா கட்டுகிறார்கள். நமக்கு அந்தக் காப்பீடு இல்லை. ஆனால் பக்கத்துக் கேரளத்தில் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் முளைத்த வலிதணிப்புச் சிகிச்சை, மலப்புரம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தார் காசும் நேரமும் கொடுத்து நடத்தும் இயக்கமாகி, 2008இல் மாநிலக் கொள்கையாகவே ஆனது. நம்மிடம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீடு தேடி வருகின்றன. 2025இல் பகல்நேர ‘அன்புச்சோலை’ மையங்கள் 25 தொடங்கின, பெரும்பாலும் மாநகராட்சிகளில். பகலைப் பார்க்க அரசு தொடங்கிவிட்டது. இரவுக்கும் கிராமத்துக்கும் இன்னும் ஏற்பாடில்லை.

மேல்சித்தாமூர் போன்ற ஓர் ஊரில் பன்னிரண்டு பேருக்கு இரவும் பகலும் ஆள்வைத்து ஓர் இல்லம் நடத்த என்ன ஆகும்? ஷிப்டுக்கு இருவர் என்றால் மூன்று ஷிப்டுக்கு ஆறு இடம். வாரத்தில் ஒருநாள் விடுப்பையும் கணக்கிட்டால் ஏழு பேர் வேண்டும். முதியவர் ஒருவருக்கு நாளுக்கு 240 நிமிடம் கிடைக்கும், ஆஸ்திரேலிய அளவைவிடக் கூடுதல். சம்பளம் மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 84,000, ஆளுக்கு 7,000. உணவுக்கு 3,000 சேர்த்தால் 10,000. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளைகள் தர வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடக் கூடிய உச்சத் தொகையும் மாதம் 10,000 ரூபாய்தான். கட்டடம், மின்சாரம், நர்ஸ், டயப்பர் இதில் சேரவில்லை. கட்டடத்தை மடமோ கோயிலோ பஞ்சாயத்தோ தரலாம், பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளும் உண்டு. சென்னையிலிருக்கும் பிள்ளைகள் நகர இல்லத்துக்குக் கட்ட நேரும் பணத்தில் நான்கில் ஒரு பங்கு இது. பணமே இல்லாத நான்கைந்து பேரின் பங்கை அரசு ஏற்றால்தான் இது ஊர் இல்லமாகும். இல்லையென்றால் நகரத்தின் சிறு நகலாக முடியும். சுய உதவிக் குழுவில் இருக்கும் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்தால், பொழுது சாயும் முன் சோறு போட யாரும் எழுதிவைக்க வேண்டியதில்லை. சிறிய ஊரில் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கத் தயங்குவார்கள், தவறு நடந்தால் மூடி மறைப்பார்கள் என்ற அச்சம் நியாயமானது. குண்டலப்புலியூரும் கிராமம்தான். அதனால்தான் மேற்பார்வை ஊராரிடம் மட்டும் இருக்கக் கூடாது. மாவட்டச் சமூக நல அலுவலகத்திலிருந்து ஒருவரும், ஊரில் குடும்பமில்லாத மருத்துவர் ஒருவரும் சொல்லாமல் வந்து பார்க்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டால் தாங்க முடியாத ஒரு சுமை உண்டு, அது முற்றிய மறதிநோய். அறுபது கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது இந்தியாவில் சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகத் தேசிய அளவிலான மதிப்பீடு ஒன்று சொல்கிறது. இரவில் எழுந்து நடந்துவிடுபவரை, பெற்ற மகளையே திருடி என்று அடிக்க வருபவரை, விழுங்க மறந்துபோனவரை இரண்டு மாதப் பயிற்சி பெற்ற பெண்களிடம் ஒப்படைப்பது இருதரப்புக்கும் அநியாயம். கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மையம் போன்ற இடங்கள் நோயைக் கண்டறிந்து மருந்து தரலாம். ஆண்டுக்கணக்கில் வைத்துப் பார்க்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு மாவட்டத்துக்கு ஒன்றாகத் தனிப்பிரிவு வேண்டும். விழுப்புரத்துக்கு அது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை ஒட்டி அமையலாம், மனநல மருத்துவரும் பயிற்சி பெற்ற நர்ஸ்களும் அங்கேதான் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். 19ஆம் பிரிவு சொல்லும் மாவட்ட இல்லத்தை அரசு கட்ட முன்வந்தால், நடமாடக் கூடிய 150 பேரை ஊர் ஊராகப் பெயர்த்துக் கொண்டுவந்து நிரப்புவதைவிட, அந்தப் பணத்தை முதலில் இந்தப் பிரிவுக்குச் செலவிடுவதே சரியான வரிசை.